அலர்ஜி ஆஸ்துமாவில் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் தாளைப் பிரித்ததும் ஈசினோபில் (ஒரு வகை வெள்ளணு), ஐஜிஇ (அலர்ஜியில் வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம்) என்கிற இரண்டு வரிகளில்தான் விரலை வைத்துக் கேட்பார்கள். நின்றபடி சொல்லி முடிக்க முடியாததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. ஆனால் மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது விளங்கும்.

எங்கள் பையனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. எதிர்ப்பு சக்தி கம்மியாக இருப்பதால்தானே?

இல்லை. இந்த ஒரு நினைப்பால் எத்தனையோ குடும்பங்கள் தேவையில்லாத பொடிக்கும் சிரப்புக்கும் பணத்தைக் கொட்டுகின்றன, அதனால் இதை முதலில் சொல்கிறேன். அலர்ஜி ஆஸ்துமாவில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோகவில்லை. வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது, அவ்வளவுதான். பாய், தலையணையில் இருக்கும் தூசிப்பூச்சியின் எச்சம், கரப்பான் பூச்சியின் துகள், பூந்தாது இவையெல்லாம் நோய்க்கிருமிகள் இல்லை. குடல்புழு, உண்ணி போன்றவற்றை விரட்டுவதற்கென்று நம் உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அலர்ஜி உள்ளவர்களுக்கு அதே ஏற்பாடு இந்த ஒன்றும் செய்யாத தூசியைக் கண்டு கிளம்பிவிடுகிறது. ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ என்று விற்கும் எதுவும் இந்தச் செல்களை அடக்குவதில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் மூச்சில் விசில் சத்தம் வந்தால், அது எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. வைரஸ் தொற்றினாலும் அப்படி வரும். வளர வளர விட்டுப்போகிற குழந்தைகள் நிறையப் பேர்.

ஒரே வீடு, ஒரே தூசி. தம்பிக்கு மட்டும் வருகிறது, அக்காவுக்கு வரவில்லை. ஏன்?

பிறவி வாகு ஒரு காரணம். அம்மா அப்பாவில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ அலர்ஜித் தும்மலோ கரப்பான் படையோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் வாகு மட்டும் போதாது. உடம்பு அந்தத் தூசியை ‘எதிரி’ என்று பழகிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் நோய் வெளியே தெரிவதற்கு முன்பே, பல மாதமோ பல வருடமோ சத்தமில்லாமல் நடக்கிறது.

மூச்சுக்குழாயின் உள்பக்கம் ஒரு மெல்லிய தோல் மாதிரிச் செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தூசிப்பூச்சியின் எச்சத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது இந்தச் செல்களுக்கு நடுவே இருக்கும் ஒட்டுகளையே அறுக்கக்கூடியது. புகை, வைரஸ் இவையும் அந்த வரிசையைக் காயப்படுத்தும். அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின் 25, இன்டர்லூக்கின் 33 என்று மூன்று சமிக்ஞைப் பொருள்களை வெளியே விடுகின்றன. கீழே கிளை கிளையாகக் கையை நீட்டிக்கொண்டு டென்ட்ரிடிக் செல்கள் உட்கார்ந்திருக்கும். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973-ல் விவரித்த செல்கள் இவை. அந்த வேலைக்காக 2011-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டென்ட்ரிடிக் செல் தூசியின் புரதத்தை எடுத்துத் துண்டாக்கி, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் (நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த மாதிரி முடிச்சுகள் நெஞ்சுக்குள்ளும் உண்டு) அங்கே இருக்கும் டி செல் என்ற வெள்ளணுவிடம் காட்டுகிறது.

டி செல் எந்த வகையாக மாறுகிறது என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் வித்தியாசம். அக்காவின் உடம்பில் ‘இது பரவாயில்லை, விட்டுவிடு’ என்று அமைதிப்படுத்தும் ஒழுங்குமுறை டி செல்கள் மேலோங்குகின்றன. தம்பியின் உடம்பில் டிஹெச் 2 என்கிற வகை பெருகுகிறது. டிஹெச் 1, டிஹெச் 2 என்ற இந்தப் பிரிவை மோஸ்மன், காஃப்மன் இருவரும் 1986-ல் எலியின் செல்களில் காட்டினார்கள். டிஹெச் 2 செல் மூன்று முக்கியமான பொருள்களைச் சுரக்கிறது. இன்டர்லூக்கின் 4, பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவைத் தூண்டி ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்க வைக்கிறது. இன்டர்லூக்கின் 5, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோபில் செல்களை வரவழைக்கிறது. இன்டர்லூக்கின் 13, சளியைக் கூட்டி மூச்சுக்குழாயைத் தொட்டாற்சிணுங்கியாக ஆக்குகிறது. ஆஸ்துமாவின் தொந்தரவுகளில் பெரும்பங்கு இந்த மூன்றிலிருந்து கிளம்புவதுதான்.

இருபது வருடம் இதே வேலைதான் பார்த்தேன். இப்போது மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

மேலே சொன்ன பழக்கம் எந்த வயதிலும் நடக்கலாம். நம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு, தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியும் உண்டு. பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பூச்சியின் செதிலும் கூட்டுப் புரதமும் ஆஸ்துமாவை உண்டாக்குவது கர்நாடகத்திலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். செடியில் வரும் சிவப்புச் சிலந்திப்பேன் பசுமைக்குடில் தொழிலாளர்களுக்கு அலர்ஜியைக் கொடுப்பது வெளிநாடுகளில் தெரிந்த விஷயம். வேலை நாளில் மூச்சு இறுக்கமாக இருந்து, ஊருக்குப் போய் நாலு நாள் தங்கினால் சரியாகிறது என்றால் மருத்துவரிடம் அதை அவசியம் சொல்லுங்கள். ரத்த ரிப்போர்ட் தராத துப்பு அது.

பழைய பாயை உதறினால் ஐந்து நிமிடத்தில் இழுப்பு வந்துவிடுகிறது. அவ்வளவு வேகமாக எப்படி?

ஏற்பாடு முன்பே தயாராக இருப்பதால்தான். பி செல் செய்த ஐஜிஇ, ரத்தத்தில் சுமார் இரண்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அதே தூசி மறுபடி வந்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐஜிஇ-யைச் சேர்த்துப் பிடித்த உடனே மாஸ்ட் செல் தன் உள்ளே சேர்த்து வைத்திருந்த துகள்களை வெளியே கொட்டுகிறது. ஹிஸ்டமின் அதில் ஒன்று. கூடவே லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் என்று புதிதாகவும் தயாரித்து விடுகிறது. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. நிமிடங்களில் தொடங்கி, அரை மணிக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைக் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் என்ற இன்னொருவர் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அந்த இடம் மட்டும் தடித்து அரித்தது. 1921-ல் வெளியான இந்தச் சோதனையால், அலர்ஜியைக் கொண்டுபோகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆனது. 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனியாக அதே புரதத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-ல் உலக சுகாதார நிறுவனம் ஐஜிஇ என்று பெயர் வைத்தது. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களிலேயே மிகக் குறைந்த அளவில் இருப்பது இதுதான் என்பதால்தான் அவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் வந்த இழுப்பு சரியாகிவிட்டது. நடுராத்திரி மறுபடி வருகிறதே?

இது இரண்டாவது அலை. மாஸ்ட் செல்லும் டி செல்லும் கொடுத்த அழைப்பைக் கேட்டு ஈசினோபில், டி செல், பேசோபில் என்ற வெள்ளணுக்கள் எல்லாம் ரத்தத்திலிருந்து மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் இறங்க நாலு முதல் எட்டு மணி நேரம் ஆகும். வந்தபின் ஈசினோபில் தன் துகள்களில் இருக்கும் காரப் புரதங்களைக் கொட்டுகிறது. புழுவைக் கொல்ல வைத்திருக்கும் பொருள் அது. இங்கே நம்முடைய உட்தோலையே அரிக்கிறது. கூடவே, உடம்பே சுரக்கும் கார்டிசால் நடுராத்திரியில் குறைவாக இருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கும் விடிகாலை நாலு மணி வாக்கில் மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும்; வீங்கிய குழாயில் அது நன்றாகத் தெரியும்.

இழுப்பு நின்றுவிட்டால் செல்களும் போய்விட்டன என்று எண்ண வேண்டாம். அடுத்த நாள் ஓடி ஆடினாலும், சுவருக்குள் ஈசினோபில் நாள்கணக்கில் இருக்கும். இப்படியே வருடக்கணக்கில் போனால் சுவர் தடித்து, தசை பெருத்து, குழாய் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

ரிப்போர்ட்டில் ‘ஈசினோபில் அதிகம்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் ஆஸ்துமாதானே?

நம் ஊரில் ‘எனக்கு ஈசினோபிலியா’ என்று ஒரு நோய் மாதிரியே சொல்லிக்கொள்வார்கள். அது நோய் இல்லை, ஒரு எண்ணிக்கை. சாயம் போட்ட ஸ்லைடில் பார்த்தால் வெள்ளணுக்களிலேயே சுலபமாக அடையாளம் தெரிவது ஈசினோபில்தான்: இரண்டு மடலாக உட்கரு, சுற்றிலும் செங்கல் நிறத்தில் நெருக்கமான துகள்கள். வெள்ளணுக்களில் பொதுவாக 1 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் போனால் அதிகம் என்று எழுதுவோம்.

அதிகமானால் முதலில் நினைக்க வேண்டியது அலர்ஜியும் குடல்புழுவும். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு வரும், ஈசினோபிலும் ஏறும். சில மருந்துகளாலும் ஏறும். இன்னொரு நோயும் இருக்கிறது, அதை ஆஸ்துமா என்று எண்ணி வருடக்கணக்கில் வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் மாட்டிக்கொண்டு, உடம்பு அதற்குக் கடுமையாக எதிர்வினை செய்வது. இரவில் விடாத வறட்டு இருமல், இழுப்பு, எடை குறைவு, ஈசினோபில் 3,000-க்கும் மேல். நமக்குப் பக்கத்து ஆந்திராவில் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட் மொல்லர், பார்ட்டன் இருவரும் 1940-லேயே இந்த மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எக்ஸ்ரே படத்தில் காசநோய் மாதிரித் தெரிந்தும் காசநோய் இல்லாதவர்கள் அவர்கள். 1943-ல் வைன்கார்ட்டன் ‘வெப்பமண்டல ஈசினோபிலியா’ என்று பெயர் வைத்தார். டைஎத்தில்கார்பமசின் மாத்திரைக்கு இது நன்றாகக் கேட்கும். அதனால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தால் ‘வீசிங்தான்’ என்று விட்டுவிடாமல் கேளுங்கள்.

எங்கள் வேலையில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு விஷயம். இழுப்பு வந்து ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்த பிறகு ரத்தம் கொடுத்தால், ஈசினோபில் சில மணி நேரத்திலேயே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ‘நார்மல்’ என்று வரும் அந்த ரிப்போர்ட் உண்மை நிலையைக் காட்டாது. நேரத்தைப் பொறுத்தும் மாறும்: காலையில் குறைவு, இரவில் அதிகம். என்ன மருந்து, எப்போது எடுத்தீர்கள் என்று ரத்தம் எடுப்பவரிடம் சொன்னால் அதைக் குறித்து வைக்க முடியும்.

ஐஜிஇ 600 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மொத்த ஐஜிஇ-யை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. புழு இருந்தாலும் ஏறும், தோல் அரிப்பு நோய் இருந்தாலும் ஏறும். ஆஸ்துமா இருந்தும் அளவு சரியாக இருப்பவர்களும் உண்டு. எதற்கு அலர்ஜி என்று தெரிய வேண்டுமென்றால் அந்தந்தப் பொருளுக்கான தனி ஐஜிஇ பரிசோதனையோ தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ வேண்டும். அதிலும் பாசிட்டிவ் வந்த எல்லாமே உங்களுக்கு இழுப்பைக் கொடுக்கும் என்று பொருள் இல்லை. நூறு பொருளுக்கு ஒரேயடியாகப் பார்க்கும் பெரிய பேக்கேஜைவிட, உங்கள் அனுபவத்தில் சந்தேகம் இருக்கும் நாலைந்துக்குப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

நீல ஸ்ப்ரே அடித்தால் உடனே சரியாகிறது. அப்புறம் எதற்கு தினமும் இன்னொரு ஸ்ப்ரே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நீல ஸ்ப்ரேயில் இருப்பது சால்பியூட்டமால். அது தசையைத் தளர்த்துகிறது, அதனால் மூச்சு வருகிறது. சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் ஈசினோபிலையோ டி செல்லையோ அது தொடுவதே இல்லை. மூச்சு சுலபமாகிவிடும், வீக்கம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். தினசரி ஸ்ப்ரேயில் இருப்பது பியூடிசொனைட், புளூட்டிகசோன் மாதிரி ஸ்டீராய்டு. அது டி செல்லில் இன்டர்லூக்கின் உண்டாகும் வேலையைக் குறைக்கிறது, ஈசினோபில்களைச் சாக வைக்கிறது, மூச்சுக்குழாயில் மாஸ்ட் செல்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. இதற்கு நாளும் வாரமும் ஆகும். அடித்த உடனே ஒன்றும் தெரியாததால்தான் பலர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ஜினா, 2019-லிருந்து பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து வைத்தியம் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை. லேசான ஆஸ்துமாவிலும் திடீரென்று மோசமாகி உயிர் போன சம்பவங்கள் உண்டு என்பதே காரணம். பியூடிசொனைடும், தசையைத் தளர்த்தும் பார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே ஸ்ப்ரேயை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும் முறை இப்போது இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

‘ஸ்டீராய்டு பழகிவிடும், எலும்பு போய்விடும்’ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பயம் மாத்திரைக்கும் ஊசிக்கும் உரியது. ஸ்ப்ரேயில் ஒரு முறைக்கு வருவது 100, 200 மைக்ரோகிராம் அளவு. மாத்திரையில் ஒரு நாளைக்கு 30, 40 மில்லிகிராம் போகும். வாயில் வெண்புண் வராமல் இருக்க ஸ்ப்ரே எடுத்த பிறகு தண்ணீரில் கொப்பளித்துத் துப்பினால் போதும். ஸ்பேசர் (ஸ்ப்ரேயோடு மாட்டும் குழல்) வைத்து எடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போகும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச மூச்சு போதவில்லை, உதடோ நகமோ நீலமாகிறது, விலா உள்ளே இழுக்கிறது, நீல ஸ்ப்ரே அடித்தும் குறையவில்லை: இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று ஆளும் சோர்ந்துபோனால் அது குணமான அறிகுறி இல்லை, காற்றே போகவில்லை என்று பொருள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைப்பக்க ஊர்களில் இருப்பவர்கள் வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து முன்னதாகவே கூப்பிடுவது நல்லது.

கல்குவாரித் தூசியாலும் இதேதான் வருகிறதா?

செல்களே வேறு. கிரானைட் தூசியில் இருக்கும் சிலிகாவுக்கு ஐஜிஇ உண்டாவதில்லை. அதை விழுங்குவது மேக்ரோபேஜ் என்ற செல். விழுங்கியதை ஜீரணிக்க முடியாமல் அது செத்து, திரும்பத் திரும்ப அழற்சியாகி, நுரையீரலில் தழும்பு விழுகிறது. அது சிலிகோசிஸ், ஸ்ப்ரேயால் ஆறாது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தத் தூசி இழுப்பையும் கிளப்பும் என்பதால் இரண்டும் ஒன்று மாதிரித் தோன்றுகிறது. பர்கூர் பக்கம் கிரானைட் வேலையில் பல வருடம் இருந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றால் மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் அவசியம்.

மாம்பூ காலத்தில் அதிகமாகிறது. மாம்பூதான் காரணமா?

மாம்பூவின் தாது பெரும்பாலும் ஈ, பூச்சி கொண்டுபோவது. காற்றில் வெகுதூரம் பறப்பதில்லை. தோப்புக்குள்ளேயே வேலை செய்பவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மற்றவர்களுக்கு அதே சமயம் அடிக்கும் பூச்சிமருந்தின் நெடியும், தை மாசிப் பனியும், அந்தப் பருவத்துச் சளி வைரஸும் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நெடி ஐஜிஇ வழியாக வேலை செய்வதில்லை, தொட்டாற்சிணுங்கியான குழாயை நேரடியாக எரிச்சல்படுத்துகிறது. நிஜமாகப் பயப்பட வேண்டிய செடி பார்த்தீனியம். மழைக்குப் பிறகு தரிசு, ரோட்டோரம் எல்லாம் வெள்ளையாகப் பூக்கும். பூப்பதற்கு முன்பே, கையுறையும் முகக்கவசமும் போட்டுப் பிடுங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலைக்குப் போக வேண்டாம். கேழ்வரகு தூற்றும்போதும் தூசி பறந்து வரும் பக்கம் நிற்காதீர்கள்.

மாடு கன்றோடு வளரும் பிள்ளைக்கு அலர்ஜி வராது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். வம்சாவளி, சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அமிஷ் மக்கள் வீட்டருகிலேயே மாடு வைத்துப் பழைய முறையில் உழுகிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை பெரியது, இயந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளி இருப்பது. 2016-ல் வெளியான ஆய்வில் அமிஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளிடம் 21 சதவீதம். அமிஷ் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈசினோபிலும் ஐஜிஇ-யும் குறைவாக இருந்தன. அமிஷ் வீட்டுத் தூசியை எலிக்குக் கொடுத்தபோது அதுவும் ஆஸ்துமாவைத் தடுத்தது. தொழுவத்து நுண்ணுயிரிகளோடு சின்ன வயதிலேயே பழகுவது செல்களை வேறு வழியில் பழக்குகிறது. ஆனால் இது வருமுன் நடப்பது. வந்துவிட்ட பிள்ளையைத் தொழுவத்தில் விட்டால் குணமாகாது, வைக்கோல் தூசியில் இழுப்பு கூடலாம்.

ஊசி போட்டால் சரியாகிறதாமே, மாதம் ஒரு முறை?

கடுமையான ஆஸ்துமாவுக்கு, ஸ்ப்ரேயைச் சரியாக எடுத்தும் அடங்காதவர்களுக்கு மட்டும். ஓமலிசுமாப் ஐஜிஇ-யைப் பிடித்து மாஸ்ட் செல்லில் ஒட்டாமல் செய்கிறது. அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது. மெப்போலிசுமாப் இன்டர்லூக்கின் 5-ஐ அடைக்கிறது. டுபிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கிறது. டெசிபெலுமாப் இன்னும் மேலே போய் டிஎஸ்எல்பி-யையே பிடிக்கிறது.

இதில் மெப்போலிசுமாப்பின் வரலாறு பல விஷயம் சொல்கிறது. 2000-ல் வந்த முதல் ஆய்வில் ஈசினோபில் ரத்தத்தில் நன்றாகக் குறைந்தது, நோயாளிக்கோ பலன் தெரியவில்லை. ‘ஈசினோபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோ’ என்று கூடப் பேசினார்கள். 2009-ல், சளியில் ஈசினோபில் நிறைய இருக்கும் கடுமையான நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது இழுப்பு வரும் தடவைகள் தெளிவாகக் குறைந்தன. ஆஸ்துமா என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செல்கள் வெவ்வேறு ஆளிடம் முன்னால் நிற்கின்றன. சிலரிடம் நியூட்ரோபில் என்ற வேறொரு வெள்ளணு முன்னால் நிற்கும், அவர்களுக்கு ஸ்டீராய்டே அவ்வளவாகக் கேட்காது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. விலை அதிகமான ஊசிகள் இவை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, முதலில் அங்கே காட்டிக் கேளுங்கள்.

பரிசோதனைக்கு வருமுன் மருந்தை நிறுத்த வேண்டுமா?

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை என்றால் செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் ஹிஸ்டமின் அடங்கி, தடிப்பே வராது. ரத்தத்தில் ஐஜிஇ பார்ப்பதற்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை, வெறும் வயிறும் வேண்டாம். தினசரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை எந்த ரத்தப் பரிசோதனைக்காகவும் நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.